ஊருக்கும் நாடி பார்த்த மனுஷன்

இடிந்த வீடு, பூட்டிய வீடு, காற்று போகாத சந்து என்று நலிந்து கிடக்கும் ஒரு ஊரை எப்படிச் சரி செய்வது? நூறு வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு நம்ம பக்கம் வந்த ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம்.

பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல், வேலை தாவரவியல் பேராசிரியர். எடின்பரோவின் நெரிசலான பழைய குடியிருப்பு ஒன்றில் மனைவி அன்னாவோடு குடியேறி, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகச் சீர் செய்தவர்.

1914ல் சென்னை கவர்னர் பென்ட்லாண்ட் அழைப்பின் பேரில் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியின் வரைபடங்களும் படங்களும் தனியாக 'கிளான் கிராண்ட்' கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்!

மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியதை வைத்து 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

அந்தக் காலத்தில் நகரச் சீரமைப்பு என்றால் இடிப்புதான். 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898ல் அங்கே சீரமைப்பு டிரஸ்ட் அமைத்தார்கள். நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகலச் சாலை போட்டார்கள். சரி, அங்கே இருந்த ஏழைகள் எங்கே போவார்கள்? அடுத்த தெருவுக்கு. அங்கே நெரிசல் கூடும். கட்டியை வெட்டியாச்சு, சீழ் பக்கத்தில் பரவியாச்சு என்ற கதைதான்.

கெடிஸ் சொன்னது, முதலில் நோயைக் கண்டுபிடி, அப்புறம் கத்தியை எடு. இந்தக் கணக்கெடுப்புக்கு அவர் வைத்த பெயரே 'நோயறியும் ஆய்வு'. நடந்தே போக வேண்டும். ஒவ்வொரு சந்தாக எந்த வீடு உறுதி, எது பழுது, எது ஆளில்லாமல் இடிந்து கிடக்கிறது, கிணறு எங்கே, மரம் எங்கே, கோயில் எங்கே என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

தஞ்சாவூர் கோட்டைப் பகுதியில் நெரிசலான சந்துகளுக்கு நடுவே நேர் சாலைகள் போட நகராட்சி திட்டம் வைத்திருந்தது. கெடிஸ் நடந்து பார்த்துவிட்டு வேறு வழி சொன்னார். நல்ல வீட்டைத் தொடாதே. பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடு. அந்த இடத்தைத் திறந்தவெளியாக விட்டு மரம் நடு. காற்று வரும், வெளிச்சம் வரும், செலவும் பல மடங்கு குறையும். இதை அவர் 'உறுப்பைக் காக்கும் அறுவை சிகிச்சை' என்றார். விரலில் புண் என்றால் கையை எடுப்போமா?

மலேரியாவுக்குப் பயந்து ஊர்க் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். மீனும் வாத்தும் விடு, கொசுப்புழுவை அதுங்க தின்னும் என்றார்.

1920ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் அவர் சொன்ன வைத்தியம் முழுசாக நடந்ததா? இல்லைங்க. 2000க்குப் பிறகும் சென்னையின் ஏழைக் குடும்பங்களை கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பிக்கொண்டுதானே இருந்தோம்! வீடு கிடைத்தது. வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தூரமாகிவிட்டது.

சரி டாக்டர், கடலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

டெங்கு கொசு வளர்வது தேங்கிய நல்ல தண்ணீரில். கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்கள் நம் வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பூட்டிய வீட்டுக்குள் எப்படிப் போவார்கள்? மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த தொட்டி ஒன்று போதும், தெருவே காய்ச்சலில் படுக்கும்.

செம்மண்டலமோ மஞ்சக்குப்பமோ முதுநகரோ, உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது, கூரை எப்படி, தண்ணீர் நிற்கிறதா என்று குறித்து உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் கொடுங்கள். யாரையும் காலி செய்யச் சொல்லி அல்ல, எங்கே மருந்து போட வேண்டும் என்று காட்டத்தான்.

நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதக்கூடாது. ஊருக்கும் அதே விதிதான்.



பொது நல மருத்துவர்,
செம்மண்டலம், கடலூர்