சுடா உமேக்கோ

சுடா உமேக்கோ (டிசம்பர் 31, 1864 – ஆகஸ்ட் 16, 1929) ஜப்பானியக் கல்வியாளரும், அந்நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரும் ஆவார். 1871 ஆம் ஆண்டில் தமது ஆறாவது வயதில் அரசின் செலவில் ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இவர், 1882 ஆம் ஆண்டில் நாடு திரும்பியபோது தாய்மொழியைப் பெரும்பாலும் மறந்திருந்தார். இவர் 1900 ஆம் ஆண்டில் டோக்கியோவில் தொடங்கிய பள்ளியே இன்றைய சுடா பல்கலைக்கழகம் ஆகும். இவரது இயற்பெயர் மூமே. உமேக்கோ என்ற வடிவத்தை 1902 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டார்.

அமெரிக்கப் பயணம்

ஹொக்கைடோ தீவில் குடியேற்றங்களை அமைப்பதற்காக மெய்ஜி அரசு ஒரு தனி அலுவலகத்தை ஏற்படுத்தியிருந்தது. அதன் பொறுப்பில் இருந்த குரோடா கியோத்தாக்கா, அமெரிக்கப் பெண்களின் கல்வி நிலையை நேரில் கண்டவர். ஜப்பானியச் சிறுமிகளையும் பத்து ஆண்டுகள் அங்கே படிக்கவைக்க வேண்டும் என்பது அவரது திட்டம். முழுச் செலவுடன் ஆண்டுக்கு 800 டாலர் உதவித்தொகையும் தருவதாக அறிவித்தபோதிலும், மகளை அவ்வளவு தொலைவு அனுப்ப முன்வந்த பெற்றோர் மிகச் சிலரே. தேர்வான ஐவரும் 1868 ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த சாமுராய்க் குடும்பங்களின் பிள்ளைகள் என்பது கவனிக்கத்தக்கது. அக்குடும்பங்களுக்குப் புதிய அரசில் முன்னேற வேறு வழிகள் குறைவாகவே இருந்தன.

ஐவரும் இவாக்குரா தூதுக்குழுவுடன் டிசம்பர் 23, 1871 அன்று யோக்கோஹாமாவிலிருந்து கப்பலேறினர். அவர்களுள் மூமேயே வயதில் மிகவும் இளையவர். மூத்த இருவர் அடுத்த ஆண்டே திரும்பிவிட்டனர். எஞ்சியவர்கள் மூமே, யாமக்காவா சுத்தேமட்சு, நாகாய் ஷிகே ஆகிய மூவர். மூமே வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில், ஜப்பானியத் தூதரகத்தில் பணியாற்றிய சார்லஸ் லான்மன், அடலின் லான்மன் என்ற பிள்ளைகளற்ற தம்பதியரின் வீட்டில் வளர்ந்தார். 1873 ஆம் ஆண்டில் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். சுத்தேமட்சுவின் அண்ணன் கென்ஜிரோ அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவந்ததால், தங்கை ஜப்பானிய மொழியை மறவாதவாறு பாடம் நடத்திவந்தார். மூமேக்கு அத்தகைய துணை எவரும் வாய்க்கவில்லை.

நாடு திரும்பல்

ஷிகே 1881 ஆம் ஆண்டில் திரும்பினார். மற்ற இருவரும் படிப்பை முடிக்க ஓராண்டு கூடுதலாகக் கேட்டுப் பெற்று, நவம்பர் 1882 இல் யோக்கோஹாமா வந்துசேர்ந்தனர். அப்போது மூமேக்கு வயது 17. தந்தை சுடா சென் ஆங்கிலம் அறிந்தவராதலால் அவரோடு பேச முடிந்தது. தாயுடன் பேசுவதற்கோ இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பேச்சு மட்டுமன்றித் தரையில் அமர்தல், வணங்கும் முறை, உடை உடுத்தல் என யாவற்றையும் அவர் புதிதாகக் கற்கவேண்டியதாயிற்று. சொந்த நாட்டில் அவர் ஓர் அயல்நாட்டவராகவே இருந்தார் எனலாம்.

இதனினும் பெரிய சிக்கல் வேறொன்று. அவர்களை அனுப்பிய ஹொக்கைடோ அலுவலகம் 1882 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டிருந்தது. திரும்பி வரும் பெண்களை எந்தப் பணியில் அமர்த்துவது என்பது குறித்து அரசிடம் எத்திட்டமும் இல்லை. வெளிநாடுகளில் படித்துத் திரும்பிய ஆண்களின் நிலை இதற்கு நேர்மாறானது. கென்ஜிரோ 1875 இல் திரும்பி, 1879 இல் இயற்பியல் பேராசிரியராகி, 1901 இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். அவருடைய தங்கையோ 1882 இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ஆயினும் ஜப்பானியப் பாடநூல்களைப் படிக்கும் அளவுக்கு மொழித்திறன் இல்லாமையால், வந்த ஆசிரியப் பணியையும் ஏற்க இயலவில்லை. பயிற்சி கொடுத்த அரசு அப்பயிற்சிக்கு ஓர் இடத்தை உருவாக்கத் தவறியது என்றே இதைக் கொள்ளவேண்டும்.

ஷிகே, கடற்படை அதிகாரியான உரியூ சொட்டோக்கிச்சியை 1882 இல் மணந்தார். சுத்தேமட்சு 1883 இல் படைத்துறை அமைச்சர் ஓயாமா இவாவோவை மணந்தார். 1868 இல் சுத்தேமட்சு சிறுமியாகத் தங்கியிருந்த அய்சு கோட்டையைப் பீரங்கிகளால் தாக்கிய படையில் ஓயாமாவும் இருந்தார் என்பது வியப்பிற்குரியது. மூமே இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆசிரியப் பணி

தூதுக்குழுவில் உடன் பயணித்திருந்த இட்டோ ஹிரோபுமி (பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமர்) 1883 ஆம் ஆண்டின் இறுதியில் மூமேயைத் தம் குடும்பத்தினருக்கு ஆங்கிலம் கற்பிக்க அமர்த்தினார். 1885 இல் பிரபுக்களின் மகள்களுக்கான பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது. எனினும், படிப்பைத் திருமணத்துக்கு முந்தைய ஓர் அணிகலனாகக் கருதும் அச்சூழல் இவருக்கு நிறைவளிக்கவில்லை.

1889 இல் விடுப்புப் பெற்று மீண்டும் அமெரிக்கா சென்று, பிரின் மார் கல்லூரியில் உயிரியல் பயின்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மோர்கனுடன் இணைந்து தவளை முட்டை குறித்து இவர் செய்த ஆய்வு 1894 இல் வெளியாயிற்று. அங்கேயே ஆய்வைத் தொடர வாய்ப்பிருந்தும் 1892 இல் ஜப்பான் திரும்பினார். முதல் திரும்பல் அரசின் ஆணைப்படி நிகழ்ந்தது. இரண்டாவது இவரே தேர்ந்துகொண்டது. திரும்புவதற்கு முன், ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் பயில்வதற்காக 8,000 டாலர் நிதி திரட்டுவதற்கும் ஏற்பாடு செய்தார்.

பள்ளி நிறுவல்

1900 இல் நிலையான பணியைத் துறந்து, பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளி எனப் பொருள்படும் ஜோஷி எய்காக்கு ஜுக்குவைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவியர் 10 பேர். சுத்தேமட்சுவும் ஷிகேயும் பள்ளிக்குத் துணைநின்றனர். ஆங்கிலம் கற்பித்து வாழ்வதற்குரிய தகுதியை மாணவியருக்கு அளிப்பதே பள்ளியின் நோக்கமாக இருந்தது. மேற்கூறிய நிதியுதவியால் பிரின் மாரில் படித்த காவாய் மிச்சி, ஹோஷினோ ஆய் ஆகியோர் நாடு திரும்பியதும் இப்பள்ளியிலேயே கற்பித்தனர். ஹோஷினோ பின்னர் அதன் தலைவரானார்.

உடல்நலக் குறைவால் உமேக்கோ 1919 இல் பொறுப்பிலிருந்து விலகினார். பள்ளியின் கட்டடங்கள் 1923 ஆம் ஆண்டின் கான்டோ நிலநடுக்கத்தில் அழிந்தன. உமேக்கோவின் கல்லறை டோக்கியோவை அடுத்த கொடைரா வளாகத்தில் உள்ளது. ஜூலை 3, 2024 முதல் வெளியிடப்படும் 5,000 யென் பணத்தாளில் இவரது உருவம் இடம்பெற்றுள்ளது.

கடிதங்கள்

நாடு திரும்பியது முதல் அடலின் லான்மனுக்கு உமேக்கோ ஆங்கிலத்தில் எழுதிவந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் 1984 ஆம் ஆண்டில் கல்லூரிக் கட்டடம் ஒன்றின் பரணில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் தொகுப்பு 1991 இல் நூலாக வெளிவந்தது. திரும்பிய முதல் ஆண்டுகளில் இவர் அடைந்த தனிமையை இன்று விரிவாக அறியமுடிவது பெரிதும் இக்கடிதங்களாலேயே ஆகும்.