கெடாவின் போண்டோக்குகளும் மக்காவின் வீடுகளும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் அரபு மொழிக் கல்வி நெடுங்காலம் ஆசிரியரின் வீட்டைச் சுற்றியே நடந்தது. மார்க்க அறிஞர் ஒருவர் ஒரு கிராமத்தில் குடியேறுவார். அவர் வீட்டருகே சூராவ் என்ற சிறு தொழுகைக்கூடம் எழும். படிக்க வரும் பிள்ளைகள் அதைச் சுற்றி மரத்தாலும் மூங்கிலாலும் அத்தாப்பு ஓலையாலும் குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தக் குடிசைகளின் பெயரால் இக்கல்விக்கூடம் போண்டோக் எனப்பட்டது.

இம்முறைக்குப் பெரும் நிலைக்களமாக விளங்கியது இன்றைய தெற்குத் தாய்லாந்தில் உள்ள பத்தானி. 1786இல் அது சயாமிடம் வீழ்ந்த பின்னர் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களும் அறிஞர்களும் கெடாவிலும் கிளந்தானிலும் குடியேறினர். 1821 முதல் 1842 வரை கெடாவும் சயாமின் பிடியில் சிக்கித் தவித்தது. அமைதி திரும்பியதும் நெல்வயல் கிராமங்களில் போண்டோக்குகள் பெருகின. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் கொடுத்த ஜக்காத் நெல்லும், கெண்டுரி விருந்துகளில் மாணவர்களுக்குக் கிடைத்த சாப்பாடும் அவற்றைத் தாங்கி நின்றன. மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசியைத் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். ஆசிரியரின் வயலிலும் கை கொடுத்தார்கள்.

பாடத்தில் முதலிடம் இலக்கணத்துக்கே. 1323இல் மறைந்த மொரோக்கோ அறிஞர் இப்னு ஆஜுர்ரூமின் 'ஆஜுர்ரூமிய்யா' என்ற சிறுநூலை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். ஆசிரியர் ஒரு வரியைப் படித்து மலாயில் பொருள் சொல்வார். மாணவர்கள் அதை ஜாவியில், அதாவது மலாயை எழுதப் பயன்படும் அரபு எழுத்தில், அரபு வரிகளுக்கு இடையே பொடியாக எழுதிக்கொள்வார்கள். 'ளரப ஸைதுன் அம்ரன்' என்பது அரபு இலக்கணம் படிக்கும் எவரும் அறிந்த எடுத்துக்காட்டு. 'ஸைது அம்ரை அடித்தான்' என்பது பொருள். 'ஸைதுன்' என்பதன் 'உன்' அடித்தவனைக் காட்டும். 'அம்ரன்' என்பதன் 'அன்' அடிபட்டவனைக் காட்டும். தமிழில் 'ஐ' உருபு செய்யும் வேலையை அங்கே சொல்லின் ஈற்றுயிர் செய்கிறது. எழுத்தில் பெரும்பாலும் குறிக்கப்படாத அந்த ஈற்றைச் சரியாக ஊகித்துப் படிக்கப் பழகுவதற்கே ஆண்டுகள் பிடித்தன.

போண்டோக்கில் தேறியவர்களின் அடுத்த இலக்கு மக்கா. கெடா மக்கள் பினாங்கில் கப்பல் ஏறினர். அங்கே லெபோ ஆச்சே ஹஜ் பயணிகள் கூடும் தெருவாக இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியபின் பயணம் எளிதாயிற்று. மக்காவில் ஹஜ் வழிகாட்டிகளான ஷெய்குகளின் வீடுகளும், அங்கே முன்பே குடியேறிய மலாய் இனத்தாரின் வீடுகளும் புதிதாக வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன. 1885இல் அங்கே தங்கியிருந்த டச்சு அறிஞர் ஸ்னோக் ஹர்குரோஞ்சே இச்சமூகத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். தொடக்கத்தில் சொந்த நாட்டாரிடம் மலாய் வழியாகப் பாடம் கேட்டவர்கள், அரபு வசப்பட்ட பிறகு ஹரம் பள்ளிவாசலின் பெரிய பாட வட்டங்களில் அமர்ந்தார்கள். பேச்சு மொழி தெருவிலும் கடைவீதியிலும் படிந்தது.

மக்காவில் கற்றுத் திரும்பியவர்கள் கெடாவின் கல்வியை வளர்த்தார்கள். தித்தி காஜாவில் 1863இல் பிறந்த துவான் ஹுசைன் அல்பஞ்சாரி பல போண்டோக்குகளை நிறுவினார். அவற்றுள் கடைசியானது செபராங் பிறையின் போக்கோக் செனாவில், கெடா எல்லைக்கு அப்பால் அமைந்தது. அவர் 1936இல் காலமானார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெடாவின் லூனாஸ், கூலிம் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் தமிழும் மலாய்க் கிராமமான கம்பத்தில் ஜாவியும் அரபும் என, ஒரே வட்டாரத்தில் இருவகைக் கல்வி அடுத்தடுத்து வளர்ந்தது.

அதே காலத்தில் வகுப்பும் தேர்வும் கொண்ட மதரஸாக்கள் தோன்றின. பினாங்கில் 1916இல் அல்மஷ்ஹூர் மதரஸாவும், அலோர் ஸ்டாரில் 1936இல் மக்தாப் மஹ்மூதும் தொடங்கப்பட்டன. மேற்படிப்புக்குக் கெய்ரோவின் அல்அஸ்ஹரை நாடுவோரும் கூடினர். அங்கே மலாய், இந்தோனேசிய மாணவர்கள் 1925இல் 'செருவான் அஸ்ஹார்' என்ற இதழைத் தொடங்கினார்கள். பாடத்திட்டமும் சான்றிதழும் வந்ததும் கல்வியின் பொறுப்பு வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு மாறியது. மாணவர்களின் தங்குமிடம் விடுதியாயிற்று.

இன்று மலேசிய மாணவர்கள் அரபு படிக்க எகிப்துக்கும், ஜோர்தானின் யர்மூக், முஃதா பல்கலைக்கழகங்களுக்கும் செல்கிறார்கள். கெடாவில் போண்டோக்குகள் மறைந்துவிடவில்லை. சிலவற்றில் முதியவர்களும் குடிசை எடுத்துத் தங்கிப் பாடம் கேட்கிறார்கள். ஆசிரியர் வரி வரியாகப் படிக்க, மாணவர் வரிகளுக்கு இடையே பொருள் எழுதிக்கொள்ளும் முறை அங்கே இன்றும் நடைமுறையில் உள்ளது.