காளத்தியின் பெயர்கள்: ஒரு சொல் வரலாறு

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறைக்குப் பெபேஹா என்று பெயர். என் மலை இது, என் ஆறு இது, என் குலம் இது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் ஒருவர் தன் பெயரைச் சொல்வார். அவர்கள் மொழியில் ஃபெனுவா என்ற ஒரே சொல் நிலத்தையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். குழந்தையின் நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைப்பதும் அவர்கள் மரபு. தமிழனுக்கு இந்த நினைப்பு புதிதல்ல. மாணிக்கவாசகரின் திருத்தசாங்கம் இறைவனுக்கே நாடும் ஊரும் ஆறும் மலையும் கேட்டு அடையாளம் சொல்கிற பதிகம். ஊரையும் மலையையும் ஆற்றையும் சாதாரணச் சொற்களாக நினைத்துக் கடந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஓர் ஊர். தேவாரத்தில் அது திருக்காளத்தி; இன்றைய ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீகாளஹஸ்தி.

இவ்வூர்ப் பெயர்களைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெயர் முதலில் நிலைத்தது. அதைக் கேட்ட ஒவ்வொரு மொழிக்காரரும் தம் காதுக்கேற்ற பொருளை அதில் கண்டார்கள். அந்தப் பொருளிலிருந்து கதை பிறந்தது. கதை வழிபாட்டுக்குள்ளும் புகுந்தது.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியது காளத்தியைத்தான். ‘அத்தி’ என்ற சொல்லுக்குத் தமிழில் யானை என்றும் பொருள் உண்டு. வடமொழி ஹஸ்தி, பிராகிருதத்தில் ஹத்தியாகி, தமிழில் ஹகரம் உதிர்ந்து அத்தியானது. ஆகவே காளஹஸ்திதான் தேய்ந்து காளத்தி ஆயிற்று என்று வாதிடலாம். உள்ளூர் மலைப்பெயரான காளத்தியை வடமொழியாளர் காளஹஸ்தி என்று விரித்துக்கொண்டார்கள் என்றும் வாதிடலாம். தொண்டை நாட்டிலேயே இதற்கு ஓர் இணை இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இருக்குமிடம் அத்தியூர். அத்தி மரத்தாலான மூலவர் என்று ஒரு மரபு. ஹஸ்திகிரி, அதாவது யானை மலை என்று இன்னொரு மரபு. அங்கே இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்தே வாழ்கின்றன.

காளத்தியில் முடிச்சு அவிழும் இடம் ‘ஸ்ரீ’ என்ற எழுத்து. இன்று அங்கே யாரைக் கேட்டாலும், ஸ்ரீ என்றால் சிலந்தி, காள என்றால் பாம்பு, ஹஸ்தி என்றால் யானை என்பார்கள். சிலந்தி வலை பின்னிப் பூசித்தது. பாம்பு மணிகளை வைத்தது. யானை நீராட்டித் தழை சார்த்தியது. மூன்றும் முத்தி பெற்றன. கருவறையில் இருக்கும் இலிங்கத்தின் அடியில் சிலந்தியையும், நடுவில் இரு தந்தங்களையும், மேலே பாம்பின் படத்தையும் அடையாளம் காட்டுவார்கள். ஆனால் வடமொழியில் ஸ்ரீ என்பதற்குச் சிலந்தி என்ற பொருள் வழக்கில் இல்லை. திருக்காளத்தியில் ‘திரு’ எதுவோ, சீகாளத்தியில் ‘சீ’ எதுவோ, அதுவே இந்த ‘ஸ்ரீ’யும்: வெறும் மதிப்பு அடைமொழி. அடைமொழியே மூன்றாவது உயிராக மாற வேண்டுமானால், அதற்கு முன் அந்த மதிப்புச் சொல் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும். எனவே மூன்றாகப் பிரிக்கும் இந்த விளக்கம் பெயரைவிடப் பிந்தியது என்பதே என் முடிவு. பிந்தியது என்பதால் அதற்கு மதிப்புக் குறைவில்லை. ஓர் எழுத்துக்குள் ஒரு சிற்றுயிரை வைத்து, அதற்கும் வீடுபேறு உண்டு என்று நம்பிய மக்களின் மனம் அதில் இருக்கிறது.

ஆற்றின் கதை இன்னும் செழிப்பானது. கண்ணப்பர் வரலாற்றைச் சொல்லும் சேக்கிழார் இந்த ஆற்றைப் பொன்முகலி என்கிறார். வடமொழித் தலபுராணங்களில் அது சுவர்ணமுகரி. முகரம் என்றால் ஒலிப்பது. ஆக ஓசையிட்டு ஓடும் பொன்னாறு. இன்றைய வழக்கில் அது சுவர்ணமுகி, பொன்முகம் கொண்டவள். முகலி, முகரி, முகி: லகரம் ரகரமாகிப் பிறகு ரகரமும் உதிர்ந்தது, ஒவ்வொரு படியிலும் ஆற்றுக்கு ஒரு புதுப்பொருள் கிடைத்தது. அடியில் இருப்பது எது? தெலுங்கில் மொகலி என்றால் தாழை. ஆற்றங்கரையில் தாழை புதராக மண்டுவது இயல்புதான் என்பதால், முகலிக்கு வேர் அதுவாக இருக்கலாம் என்று கருதுகிறேன். அப்படியானால் பொய்சாட்சி சொன்னதற்காகச் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்ட தாழம்பூவின் பெயரையே, சிவன் கோயிலைத் தழுவி ஓடும் ஆறு தாங்கி நிற்கிறது. புராணங்கள் அதை ஓசையாகவும் முகமாகவும் மாற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

ஆள் பெயருக்கும் இதுவே நடந்தது. பின்னாளில் கண்ணப்பர் ஆனவர் திண்ணன். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த அந்தக் குழந்தை தூக்குவதற்குத் திண்ணென்று இருந்ததால் திண்ணன் என்று பெயரிட்டார்கள் என்பது பெரியபுராணம். தெலுங்கில் அவர் தின்னடு. அங்கே ‘தின்ன’ என்ற சொல்லுக்கு நேரானது, செம்மையானது என்று பொருள்; நேராகப் போ என்பதற்குத் ‘தின்னகா’ என்பார்கள். தமிழ்க் காதில் கனமும் உறுதியும் விழுகிறது. தெலுங்குக் காதில் கோணலற்ற மனம் விழுகிறது. வாயில் நீர் முகந்துவந்து நீராட்டி, தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்து, தன் கண்ணைப் பிடுங்கி அப்பிய அந்த வேடருக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

அம்மன் பெயர் மட்டும் வழுவாமல் மொழி மாறியிருக்கிறது. தமிழில் ஞானப்பூங்கோதை, வடமொழியில் ஞானப்பிரசூனாம்பிகை. பிரசூனம் என்றால் பூ. தெலுங்கு வீடுகளில் பெண்களுக்குப் பிரசூனா என்று பெயர் வைப்பது இன்றும் உண்டு. காளத்தி என்ற பெயரோ தமிழ்நாட்டில் ஆண்களின் பெயராக நிலைத்தது. மயிலாப்பூரில் ரோஸ் மில்க்குக்குப் பேர்போன காளத்தி கடைக்குப் போகிறவர்கள் தேவாரப் பெயர் ஒன்றைத் தம்மை அறியாமலே சொல்லிவருகிறார்கள்.

பக்கத்து ஊர்ப் பெயரும் மாறாமல் இல்லை. காளஹஸ்திக்கு அருகில் தொண்டமநாடு என்று ஓர் ஊர். சோழர் கல்வெட்டுகள் முதலாம் ஆதித்தனைத் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ என்று குறிக்கின்றன. அவன் இறந்த இடத்தில் மகன் பராந்தகன் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். அரசன் செத்தான் என்று எழுதாமல் துஞ்சினான், உறங்கினான் என்று எழுதிய நாகரிகம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பின்னாளில் ‘ஆற்றூர்’ மறைந்து ‘நாடு’ வந்து ஒட்டிக்கொண்டது. ஊரின் பெயரிலிருந்து ஆறு போயிற்று.

1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதும், 1960இல் எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் தீர்ப்புப்படி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்து காளத்தி ஆந்திரத்திலேயே நின்றதும், 2022இல் திருப்பதி தனி மாவட்டமானதும் நிர்வாகச் செய்திகள். பெயர்களை அவை அசைக்கவில்லை.

கடைசியாக, காளத்திக்கு வழங்கும் தென்கயிலை என்ற பெயர். பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனாரின் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி இருக்கிறது: நூறு வெண்பாக்கள், ஒன்று கயிலைக்கு, அடுத்தது காளத்திக்கு. வடக்கே பனிமலையையும் தெற்கே இந்தச் சிறு குன்றையும் ஒரே கயிற்றில் முறுக்கிய நூல் அது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கிருஷ்ணதேவராயர் 1516இல் இங்கே பெரிய கோபுரம் எழுப்பிய அதே நூற்றாண்டில், இவ்வூர்த் தெலுங்குக் கவி தூர்ஜடி காளஹஸ்தீசுவர மாகாத்மியம் பாடினார். சிலந்தி, பாம்பு, யானை, தின்னடு ஆகியோர் கதைகளோடு நத்கீரன், அதாவது நம் நக்கீரன், கதையும் அதில் வருகிறது. இறைவன் பாட்டில் குற்றம் கண்டதால் நோயுற்ற புலவன், கயிலையைக் கண்டால்தான் தீரும் என்று வடக்கே புறப்படுகிறான், வழியில் ஒரு குளத்தில் மூழ்கிக் காளத்தியில் எழுகிறான், நோய் தீர்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் சீகாளத்திப் புராணத்தின் நக்கீரச் சருக்கத்தில் இதே கதையைத் தமிழில் பாடினார். அந்தாதியில் வெண்பாவுக்கு வெண்பா கயிலையிலிருந்து காளத்திக்குத் தாவிய நக்கீரர், புராணத்தில் ஒரே முழுக்கில் அந்தத் தொலைவைக் கடக்கிறார். மதுரைச் சங்கப் புலவனுக்குத் தெலுங்குக் காவியத்தில் இடம் கிடைத்தது அந்த அந்தாதியின் வழியாகத்தான் என்பது என் துணிபு.