பிறை

சென்ற மாதம் ராயபுரத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய வீடு, சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் கூடத்து விளக்கு மாடத்தைக் காட்டி, "ஆயா, இந்த மாடாக்குழியை அடைச்சுடட்டா?" என்று கேட்டார். சிநேகிதரின் தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். "குழியா? பிறைல்லா அது! அடைக்கப்பிடாது" என்றார்.

அந்தப் பிறையில் விளக்கு இல்லை. மின்சாரக் கட்டணச் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லின் மேல் மோகம் பிறந்துவிட்டது.

மேற்புறம் வளைந்திருப்பதால் மாடத்துக்குப் பிறை என்று பெயர் வந்ததாகச் சொல்லிவிடலாம். நான் அதை நம்பவில்லை. சதுர மாடத்துக்கும் அதே பெயர்தானே? மாடப்புரை என்றும் ஒரு வழக்கு உண்டு. புரை என்றால் உட்டுளை. புரைதான் ஜனங்களின் வாயில் பிறையாகியிருக்க வேண்டும். மணப்பெண்ணின் தலையில் சூட்டும் சந்திரப்பிறை, புலவர்கள் பாடிய பிறைநுதல் இவையெல்லாம் உருவத்தால் வந்தவை.

வானத்துப் பிறையோ உருவத்தைவிட வளர்ச்சியைக் குறித்த சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. வள்ளுவர் அறிவுடையார் நட்பைப் பிறைக்கு ஒப்பிட்டார். பேதையர் நட்பை, நிறைந்தபின் குறையும் மதிக்கு ஒப்பிட்டார். தேய்வதற்கு அவர் பிறை என்ற பெயரைக் கொடுக்கவில்லை. நாம்தான் தேய்பிறை என்று தாராளமாகக் கொடுத்துவிட்டோம். ரமலான் முடிவில் மேற்கு வானத்தைப் பார்த்து, "பிறை தெரிந்ததா?" என்று கேட்கிற முஸ்லிம் அன்பர்கள் வள்ளுவர் சொன்ன பொருளில்தான் கேட்கிறார்கள்.

அன்று மாலையே திருவொற்றியூருக்குப் போனேன். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொற்படி, ரவி என்கிற வீரசோழத் தச்சன் கல்லால் எடுத்த விமானம் அங்கே இருக்கிறது. அதன் பின்புறம் வளைந்திருக்கும். பிறை என்று சொல்லியிருக்கலாம். நம் முன்னோர் யானையின் முதுகை நினைத்துத் தூங்கானை மாடம் என்றார்கள்!

தொண்டை நாட்டில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு ஆடுகள் விடுவது வழக்கம். அவை சாவா மூவாப் பேராடுகள். எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். சந்திராதித்தவல், அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, விளக்கு எரிய வேண்டும். கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆடுகள் எங்கே, மேய்த்தவர்கள் எங்கே?

தம் முதல் பதிகத்தின் தொடக்கத்திலேயே பிறையைப் பாடிய சுந்தரர், இந்த ஊர் மகிழமரத்தடியில்தான் சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்தார் என்கிறது பெரிய புராணம். வசந்த காலம் வந்ததும் திருவாரூர் ஞாபகம் வந்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று.

திரும்பும் வழியில் ராயபுரத்தில் இறங்கினேன். கொத்தனார் பிறையை விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசியிருந்தார். சீட்டுகளைக் காணோம். கிழவி ஒரு சிறு அகலை வைத்து, திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.