நிறத்தை மட்டும் நம்பாத மிதவைகள்

முத்துக்குளித்துறையில் வாழும் நமக்குச் சிவப்பு, பச்சை மிதவைகள் புதியவை அல்ல. கடலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்திற்குள் வரும் கப்பலுக்குச் சிவப்பு இடப்புறமும் பச்சை வலப்புறமும் அமைதல் விதி. இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்களுக்கு இம்மிதவைகள் என்ன சொல்லும்?

அத்தகைய தம் பார்வையை 1794இல் ஆராய்ந்து எழுதியவர் ஜான் டால்டன். 1875இல் சுவீடனின் லாகெர்லுண்டாவில் இரு இரயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டனர். விளக்கின் நிறத்தை ஊழியர் பிறழக் கண்டிருக்கலாம் என ஐயுற்ற ஹோல்ம்கிரென் என்னும் உடலியல் அறிஞர், வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்து இரயில் ஊழியர்களைச் சோதித்தார். அன்று கண்ட தீர்வு மனிதரை விலக்குவதே, குறியீட்டைத் திருத்துவதன்று.

கடற்குறிகளின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. 1971இல் டோவர் நீரிணையில் மூழ்கிய கப்பலின் சிதைவில் அடுத்தடுத்து இரு கப்பல்கள் மோதின. மூன்று விபத்துகளிலும் 51 உயிர்கள் பறிபோயின. நாட்டுக்கு நாடு வேறுபட்ட முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகளை ஒன்றாக்கும் முயற்சி அதன்பின் விரைவுற்று, 1980இல் டோக்கியோ மாநாட்டில் உடன்பாடாகக் கனிந்தது.

அம்முறையில் இந்தியா 'ஏ' மண்டலத்தைச் சேர்ந்தது. இங்கே சிவப்பு மிதவை உருளை வடிவினது, அல்லது உச்சியில் உருளையைத் தாங்குவது. பச்சைக்கு உரியது கூம்பு. ஆபத்தான இடத்தின் எத்திசையில் பாதுகாப்பான நீர் உண்டு என உணர்த்தும் குறிகள் கறுப்பும் மஞ்சளுமாய், உச்சியில் இரு கூம்புகளோடு நிற்கும். வடக்கில் இரண்டும் மேல்நோக்கும், தெற்கில் கீழ்நோக்கும். இரவில் கிழக்கு விளக்கு மூன்று முறையும், தெற்கு ஆறு முறையும், மேற்கு ஒன்பது முறையும் மின்னும். கடிகார முகப்பை நினைவுகூர்ந்தாலே போதும்.

மங்கிய ஒளியிலும் தொலைவிலும் எவர் கண்ணுக்கும் நிறம் கரைந்து உருவமே எஞ்சும். எல்லோர்க்குமாகச் செய்த ஏற்பாடு, நிறம் பிரித்தறியாதார்க்கும் துணையாயிற்று. ஆயினும் கப்பல்களின் பக்கவிளக்குகள் இன்றும் நிறத்தாலேயே பேசுகின்றன. ஆதலால் மாலுமிகளுக்கான நிறப்பார்வைச் சோதனையும் நீங்கவில்லை.

நிலத்தில் வாயில்கள் மெல்லத் திறக்கின்றன. குறைபாடு மிதமாக உள்ளோர்க்கு ஓட்டுநர் உரிமம் வழங்க 2020இல் இந்திய அரசு விதியைத் திருத்தியது. புணே திரைப்படக் கல்லூரியின் எல்லாப் படிப்புகளிலும் இவர்களுக்கு இடமளிக்க 2022இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

வகுப்பறையில் நாம் தீட்டும் ஐந்திணைப் படத்தில் முல்லை பச்சை, பாலை சிவப்பு. கடைசி வரிசை மாணவன் ஒருவனுக்கு இரண்டும் ஒரே நிலமாகத் தோன்றக்கூடும். திணையின் பெயரை அதன்மேல் எழுதிவிட்டால் போதும். ஒரு செய்தியை இருமுறை சொல்லும் பண்பை நம் துறைமுகத்து மிதவைகளிடம் நாம் கற்கலாம்.