விடியல் நாட்டு மாந்தர்

வட அமெரிக்காவின் கீழைக் கரையில், இன்று மாசசூசெட்ஸ் மாநிலம் எனப்படும் நிலத்தின் தென்கிழக்கே, காடும் கடலும் அடுத்தடுத்து அமைந்த பகுதியொன்று உண்டு. அங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்து வருவோர் வாம்பனோவாக் என்னும் பழங்குடியினர். விடியல் திசை மக்கள் என்பது அப்பெயரின் பொருள். கோடையில் கடலோரத்தே மீன் பிடித்தும், மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் ஒரே நிலத்தில் விளைவித்தும், குளிர்காலத்தில் காட்டினுள் ஒதுங்கி வேட்டையாடியும் அவர்கள் வாழ்ந்தனர்.

1616ஆம் ஆண்டு தொடங்கி 1619 வரை, ஐரோப்பியர் வரவோடு பரவிய கொள்ளைநோய் அக்கரையைச் சூறையாடியது. பட்டுக்செட் என்னும் ஊர் ஆளற்றுப் போயிற்று. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர் பிளிமத் என்று பெயரிட்டுக் குடியேறிய இடம் அவ்வூரேயாகும். 1614இல் அங்கிருந்து கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்ட டிஸ்குவாண்டம், 1619இல் மீண்டு வந்தபோது தம்மவர் ஒருவரையும் அங்குக் கண்டாரில்லை. எனினும், புதிதாய் வந்தோர்க்கு அவரே பயிர்த்தொழில் கற்பித்தார்.

1621இல் தலைவர் மாசசாயிட் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தார். அவர் வாழ்ந்த வரை அமைதி நிலவியது. ஆயினும் குடியேறியோரின் நிலவேட்கை தணிந்ததா? இல்லை. அவர் மைந்தர் மெட்டகாம் 1675இல் போர் தொடுத்து, 1676 ஆகஸ்டு 12ஆம் நாள் கொல்லப்பட்டார். சிறைப்பட்டோர் பலர் கடல் கடந்த நாடுகளில் அடிமைகளாய் விற்கப்பட்டனர்.

நிலம் போயிற்று, பின்னர் மொழியும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பேசுவோர் அற்றனர். ஆனால் எழுத்து எஞ்சியிருந்தது. ஜான் எலியட் என்னும் பாதிரியார், பழங்குடியினர் சிலரின் துணையோடு, 1663இல் அம்மொழிக் குடும்பத்தில் முழு விவிலியத்தையும் அச்சிட்டார். சமயம் பரப்ப வந்த அவ்வெழுத்தைக் கற்ற மக்கள், தம் நிலப்பத்திரங்களையும் விண்ணப்பங்களையும் தாமே தம் மொழியில் எழுதி வைத்தனர்.

1993இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்னும் வாம்பனோவாக் பெண்மணி அம்மொழியை மீட்க முனைந்தார். மொழியியல் பயின்று, அப்பழைய ஏடுகளையும் உறவுமொழிகளையும் ஒப்பிட்டுச் சொல்லும் இலக்கணமும் வகுத்தார். பல தலைமுறைகளுக்குப் பின், அம்மொழியைப் பிறப்புமுதற் கேட்டு வளர்ந்த முதற் குழவி அவர்தம் மகளே. நிலத்தைக் காக்க எழுதிய பத்திரங்களால் நிலம் தங்கவில்லை, மொழி மீண்டது.