உளி நடக்கும் தூண்

கொல்லையில் நாலு மரத்தூண் நிறுத்தி, மேலே சட்டம் அடித்து, மல்லிகைக் கொடி ஏற்ற வேண்டும். புதுசாக வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது இப்படி ஓர் ஆசை. நியாயமான ஆசைதான். தூணுக்கு எங்கே போவீர்கள்?

நம் தூண்களின் கதை பாதி பர்மாவில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் கப்பலேறி வந்தவை. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. பிறகென்ன, சிமென்ட் தூண்தான். பேரன்கள் காலத்தில் வீடுகள் இடிபட, பழைய தூண்கள் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வந்து படுத்துக்கொண்டன!

இன்னும் புதுசாகச் செதுக்குகிற ஊர் கள்ளக்குறிச்சி. மதுரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த கைவினைஞர்களோடு இந்தக் கலை வந்ததாகச் சொல்வார்கள். 2019-ல் ஊர் மாவட்டத் தலைநகரானது; 2021-ல் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. போலிகள் அந்தப் பெயரைப் போடாமல் தடுக்கலாம், சரி. கூலியை அது உயர்த்துமா? காமர்ஸ் படித்தவன் புத்தி, அங்கேதான் போகிறது.

கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும், உளி நிற்கும். அதனால் குடம், வளையம் என்று உருண்டை வடிவங்கள்தான் வரும். யாளியும் கொடியும் வேண்டுமென்றால் மரம் நிற்க வேண்டும், உளி நடக்க வேண்டும். விலை வித்தியாசம் அந்த நடைக்குத்தான். பேரம் பேசும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தூணை மண்ணில் நேராகப் புதைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கருங்கல் பீடம் வெறும் அழகுக்கு வைத்ததில்லை. ஈரமும் கரையானும் சுலபமாக ஏறாது.